இருதயத்தின் தாளமும் இயந்திரத்தின் காலக் கணக்கும்

நிலவுக் காலத்தில், காற்று அடங்கிய பின்னிரவில், மட்டக்களப்பு வாவியில் தோணி செலுத்துவோர் கல்லடிப் பாலத்தின் அண்மையில் வலிப்பதை நிறுத்துவர். துடுப்பின் அலகை நீருள் இறக்கி, மறுநுனியைக் காதோடு சேர்த்து வைப்பர். பாடும் மீனின் ஓசை அப்பொழுதுதான் கேட்கும். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் என்பவர் 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்து, இவ்வோசையைத் தாமே கேட்டு எழுதிவைத்தார். ஓசையை எழுப்புவது மீனா, சிப்பியா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. அவ்வழக்கு இப்பேச்சுக்கு வேண்டுவதும் அன்று. கேட்கும் முறையே வேண்டுவது. தோணி அசைந்தால் ஓசை இல்லை. அலை எழுந்தால் ஓசை இல்லை. மெல்லிய ஒலியைக் கேட்க வேண்டுமாயின் அசைவற்ற கணம் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

எம்.ஆர்.ஐ. என்று வைத்தியசாலைகளில் வழங்கும் காந்தப் பரிவு இயந்திரத்தால் மனித இருதயத்தைப் படம்பிடிப்பதும் ஏறக்குறைய இவ்வாறு செவிசாய்ப்பதே. ஆனால் ஒரு பெரிய இடர்ப்பாடு உண்டு. வாவி சில இரவுகளிலேனும் அடங்குகின்றது. இருதயமோ பிறப்புக்கு முன்னரே தொடங்கி இறப்புவரை அடங்குவதில்லை. அடங்காத ஒன்றிலிருந்து அசைவற்ற கணத்தை எவ்வாறு பெறுவது? இக்கேள்விக்கு இயந்திர வல்லுநர் கண்ட விடையும், அவ்விடையை இருதயம் எப்படியெல்லாம் ஏமாற்றிவிடுகிறது என்பதும் அறியத்தக்கவை.

முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சில சொற்கள். இது எக்ஸ்கதிரைப் பயன்படுத்துவதன்று. நமது உடலில் எங்கும் நிறைந்துள்ள நீரின் ஐதரசன் கருக்கள், வலிய காந்தப் புலத்தில் நிற்கும்போது குறித்ததொரு மீடிறனிற் சுழன்றாடுகின்றன. 1.5 தெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் அம்மீடிறன் செக்கனுக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம்; வானொலிக்காரர் மொழியிற் சொன்னால் 64 மெகாஹேட்ஸ். பண்பலை வரிசை 88இல் தொடங்கி 108இல் முடிவதை நேயர்கள் அறிவர். அதற்குச் சற்றுக் கீழேதான் இருதயத்தின் நிலையம் இருக்கிறது! அதே மீடிறனில் வானொலியலை ஒன்றை உடலுக்குள் அனுப்பினால் ஐதரசன் கருக்கள் அதை ஏற்றுப் பின்னர் மிக மெலிந்த குரலில் மறுமொழி கூறுகின்றன. ஒரு நரம்பை மீட்டினால், அதே சுருதியில் அமைந்த மற்றொரு நரம்பு தொடாமலே அதிர்வதில்லையா? அந்தப் பரிவேதான் இதுவும். காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகளார், விஞ்ஞானம் கற்ற கண்கொண்டு நரம்புகளின் சுருதியைக் கணித முறையால் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அவர் பிறந்த மண்ணில் இத்தத்துவத்தை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. காந்தப் பரிவைக் கொண்டு உருவம் வரையலாமென 1973இல் அமெரிக்கரான போல் லோட்டர்பர் காட்டினார். ஆங்கிலேயரான பீற்றர் மான்ஸ்ஃபீல்ட் அம்முறையை விரைவுடையதாக்கினார். இருவரும் 2003இல் வைத்தியத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இனி இடர்ப்பாட்டுக்கு வருவோம். இவ்வியந்திரம் புகைப்படக் கருவியைப் போல ஒரு சொடுக்கில் படத்தை முடிப்பதில்லை. ஒரு படத்துக்கு வேண்டிய செய்தியை வரிவரியாகச் சேர்க்கின்றது. ஒரு படத்துக்கு 180 வரிகள் வேண்டுமென்றும், ஒரு வரிக்கு 3 மில்லிசெக்கன், அஃதாவது செக்கனின் ஆயிரத்தில் மூன்று பங்கு, செல்லுமென்றும் கொள்வோம். மொத்தம் 540 மில்லிசெக்கன். அரைச் செக்கனுக்கும் மேல். தலையைப் படம்பிடிப்பதாயின் இது பெரிதன்று. இருதயமோ அதற்குள் சுருங்கி, விரிந்து, குருதியால் நிரம்பத் தொடங்கியிருக்கும். ஆதலின் வேலையைப் பங்கிடுகின்றனர். ஒரு துடிப்பின் ஒரு கட்டத்தில் 15 வரிகள் மட்டும், அஃதாவது 45 மில்லிசெக்கன் மட்டும் கேட்பது. அடுத்த துடிப்பின் அதே கட்டத்தில் இன்னும் 15 வரிகள். இவ்வாறு 12 துடிப்புகளில் 180 வரிகளும் சேர்ந்துவிடும். நோயாளி ஒருமுறை மூச்சைப் பிடித்திருக்கும் நேரத்துக்குள் இது முடியக்கூடியது. துடிப்பு எப்பொழுது தொடங்கியது என்பதை நெஞ்சில் ஒட்டிய மின்வாய்கள் வழியாக ஈ.சி.ஜி. அறிவிக்கின்றது. அக்கோட்டில் ஊசிபோல் உயர்ந்து நிற்கும் முனையே அடையாளம். முனை தோன்றியதும் இயந்திரம் தன் கணக்கைத் தொடங்குகின்றது.

விடிய விடிய நடக்கும் வடமோடிக் கூத்து ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்கிறார்; தாளக்கட்டுக்கு ஏற்ப ஆட்டக்காரர் வட்டமிட்டு வருகின்றனர். களரி ஓரத்திலே ஓவியர் ஒருவர் அமர்ந்து, அரசன் வேடக்காரர் வாளை உயர்த்தும் தோற்றத்தை வரைய விரும்புகிறார். அவர் கைக்கு ஒரு குறை: ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு கோடுதான் இழுக்க முடியும். ஆதலால் மத்தளத்தின் முதல் அடி விழுந்ததும் மனத்துக்குள் எண்ணி, நான்காம் மாத்திரையில் ஒரு கோடு இழுக்கிறார்; அடுத்த சுற்றிலும் அதே மாத்திரையில் மற்றொரு கோடு. அண்ணாவியார் தாளம் பிசகாதிருந்தால் பன்னிரண்டு சுற்றில் அழகிய அரசன் எழுந்துவிடுவான். நடுவே அவர் ஒரு சுற்றைத் துரிதப்படுத்தினாலோ கதை வேறு. வாள் இறங்கிய பின் இழுத்த கோடும், வாள் உயர்ந்திருக்கையில் இழுத்த கோடும் ஒரே தாளில் விழும். அரசனுக்கு மூன்று கைகள் முளைத்துவிடும்.

நமது இருதயம் அவ்வாறு துரிதப்படுத்துகிற அண்ணாவியாரே. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்று சொன்னால், ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே மிகச் சரியாக 1000 மில்லிசெக்கன் என்பது பொருளன்று. 960, 1030, 990, 1050 என்று அது ஏறியும் இறங்கியும் செல்லும். மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகின்றது. வெளியே விடும்போது தளர்கின்றது. இதனை ஜெர்மனிய உடற்றொழிலியலாளர் கார்ல் லுட்விக் 1847இல், தாம் அமைத்த சுழலுருளை வரைகருவியிற் பதிந்து காட்டினார். மூளையிலிருந்து இறங்கும் ஒரு நரம்பு, கடிவாளம் பிடித்த கைபோல இருதயத்தை நொடிக்கு நொடி இழுத்தும் விட்டும் நடத்துவதன் அடையாளம் இது. துடிப்புக்குத் துடிப்பு தோன்றும் இவ்வேறுபாட்டை இன்று வைத்தியர்கள் அளந்து பார்க்கின்றனர். 1987இல் கிளெய்கர் என்பவரும் அவருடைய குழுவினரும் மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 நோயாளரின் துடிப்பை ஒரு நாள் முழுவதும் பதிந்து, பின்னர் பல மாதங்கள் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட முடிவு வியப்பூட்டியது. எவருடைய துடிப்பில் வேறுபாடு மிகக் குறைந்திருந்ததோ, அவரிடையேதான் இறப்பு மிகுந்திருந்தது. கடிகாரம்போல் ஓடும் இருதயத்தை நல்ல இருதயமென்று நினைப்பவர் பலர், அந்நினைப்புப் பிழை. படம்பிடிக்கும் இயந்திரத்துக்கோ அந்தக் கடிகார இருதயம்தான் இனியது. உயிரோட்டத்தின் அடையாளம் எதுவோ, அதுவே படத்துக்குப் பகை!

இதனால் விளைவது யாது என்பதைக் காண, படுவான்கரைக் கமக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். வயது அறுபதைக் கடந்தவர். வட்டைக்குச் சென்று வருவதற்குள் மூச்சு வாங்குகிறது; கால்கள் வீங்குகின்றன. அவருடைய இருதயத்தின் கீழ் இடது அறை, தன்னிடம் நிரம்பும் குருதியில் நூற்றுக்கு எத்தனை பங்கை ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளுகிறது என்பதை வைத்தியர் அறிய விரும்புகிறார். 35க்கு மேலா, கீழா என்பது வெறும் எண் விவகாரமன்று. 35 அல்லது அதற்குக் கீழே என்றால், தகுந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த பின்னும் நிலை மாறாதவிடத்து, திடீர் மரணத்தைத் தடுக்கும் மின்கருவி ஒன்றை நெஞ்சுத்தோலின் கீழ்ப் பதிப்பது பற்றி யோசிப்பது வைத்திய வழக்கு. அக்கருவி விலை உயர்ந்தது. பதித்தபின் வாழ்நாள் முழுவதும் கண்காணிக்க வேண்டியது.

அவருடைய அறை நிரம்பியபோது 200 மில்லிலீற்றர், சுருங்கியபோது 120 மில்லிலீற்றர் என்று உண்மை நிலை இருக்கட்டும். வெளிச்சென்றது 80; நூற்றுக்கு 40. ஆனால் துடிப்புகள் ஒன்றுபோல் இல்லாமையால் படத்தின் கோடுகள் கலங்கிவிட்டன. அறை மிகச் சுருங்கிய கணம் சில கணங்களின் கலவையாகப் பதிவாகி 120 என்பது 130 ஆகத் தோன்றுகிறது. மிக நிரம்பிய கணமும் தப்பி 200 என்பது 195 ஆகிறது. இப்பொழுது கணக்கிட்டால் 65ஐ 195ஆற் பிரிக்க வேண்டும்; நூற்றுக்கு 33. கருவி வேண்டியதில்லை என்றிருந்தவர் கருவி வேண்டியவர்களின் பட்டியலுக்குள் வந்துவிட்டார். இவை விளக்கத்துக்காக எடுத்த எண்கள். பிழை சாயும் திசை மட்டும் மெய்யானது.

இருதயத்தின் ஒரு குணம் இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது. அது விரையும்போது, சுருங்கும் காலமும் ஓய்வுக் காலமும் ஒரே அளவாகக் குறைவதில்லை. சுருங்குவதற்கு ஏறத்தாழ 300 முதல் 350 மில்லிசெக்கன் எப்பொழுதும் வேண்டும். நிமிடத்துக்கு 60 துடிப்பாயின் ஓய்வுக்கு எஞ்சுவது 650க்கும் மேல். 100 துடிப்பாயின் மொத்தமே 600தான், ஓய்வுக்கு எஞ்சுவது 300க்குக் கீழ். கூலி குறைந்தால் குடும்பத்திற் குறைவது எது? சோறு அல்ல, மற்றச் செலவுகளே. இருதயமும் அவ்வாறே ஓய்வைத்தான் வெட்டுகிறது. அசைவற்ற கணம் இருப்பதும் அவ்வோய்வுக்குள்ளேதான். முடியுரு நாடிகள் எனப்படும், இருதயத்துக்கே குருதி ஊட்டும் மெல்லிய குழாய்களைப் படம்பிடிப்போர், ஓய்வின் நடுவே 100 மில்லிசெக்கன் அளவுள்ள ஒரு சாளரத்தைத் தேடிப் பிடிக்கின்றனர். துடிப்பு 60இலிருந்து 66ஆக உயர்ந்தால், இடைவெளி 1000இலிருந்து ஏறத்தாழ 909ஆகக் குறையும். 91 மில்லிசெக்கன் போய்விட்டது. சாளரம் முழுவதுமே ஏறத்தாழ அவ்வளவுதானே! ஆறு துடிப்பு என்பது கதவு சாத்திய ஓசைக்குத் திடுக்கிட்டாலும் ஏறக்கூடியது.

இதற்கு வல்லுநர் கண்ட வழிகள் பல. முன்கூட்டியே கணக்கிடும் வழி ஒன்று. சராசரித் துடிப்பிடையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வரை செய்தி சேர்த்துவிட்டு, எஞ்சிய பங்கில் இயந்திரம் வாளாவிருந்து அடுத்த முனைக்குக் காத்திருக்கும். அடுத்த துடிப்பு சற்று முந்தி வந்தாலும் தவறிப்போகாது. ஆயினும் துடிப்பின் கடைசிப் பகுதி, மேலறை சுருங்கிக் கீழறையை நிரப்பும் அந்தச் சிறு கணம், படத்தில் இடம்பெறாது. இடைவிடாது சேர்த்துவிட்டுப் பின்னர் ஒழுங்குபடுத்துவது மற்றொரு வழி. நீண்ட துடிப்பைச் சுருக்கியும், குறுகிய துடிப்பை நீட்டியும் எல்லாவற்றையும் ஒரே நீளமாக்கி அடுக்குவர். இன்று பெரிதும் கையாளப்படுவது இதுவே. எல்லாப் பகுதியையும் ஒரே வீதத்தில் நீட்டினால், நீட்சியடையாத சுருங்கும் பகுதியும் நீட்டப்பட்டுப் பிழையாகும். ஆதலின் ஓய்வை மட்டுமே பெரிதும் நீட்டும் கணித முறைகளும் வகுக்கப்பட்டன. மிகவும் ஒவ்வாத துடிப்பைத் தள்ளிவிட்டு, அதற்குப் பதிலாக இன்னொரு துடிப்பைக் கேட்பதும் உண்டு. கேட்பது எளிது, அந்த மேலதிகத் துடிப்புக்காக மூச்சை இன்னும் பிடித்திருக்க வேண்டியவர் நம் கமக்காரர். மூச்சுத் திணறலுக்காகவே வைத்தியரிடம் வந்தவர் அவர். நெடுநேரம் மூச்சை அடக்கினால் துடிப்பின் வேகமே மாறிவிடும் என்பதும் நினைக்கத்தக்கது.

படத்தைவிட அளவையிற் காலப்பிழை மிகவும் நுட்பமாக ஒளிந்துகொள்ளும். கலங்கிய படத்தைக் கண்ணாற் காணலாம். கலங்கிய எண்ணைக் காண முடியாது. இருதயத் தசையில் வடுவோ வீக்கமோ பரவியிருக்கிறதா என்று அறிய, அத்தசையின் ஐதரசன் கருக்கள் கலைக்கப்பட்ட பின் தம் நிலைக்கு மீள எடுக்கும் காலத்தை அளப்பர். லீட்ஸ் நகரில் 2004இல் வெளிப்படுத்தப்பட்ட முறை ஒன்று 17 துடிப்புகளில் 11 படங்களை எடுக்கும். நடுவே இருமுறை, முறைக்கு மூன்று துடிப்பு, கருக்கள் தம் நிலை மீள்வதற்காகக் காத்திருக்கும். மூன்று துடிப்பு என்பது எவ்வளவு நேரம்? 60 துடிப்புக்காரருக்கு 3 செக்கன். 100 துடிப்புக்காரருக்கு 1.8 செக்கன் மட்டுமே. அவருடைய கருக்கள் முற்றும் மீளுமுன்னரே அடுத்த அளவை தொடங்கிவிடுகிறது. விடை உண்மையிற் குறைந்து வருகிறது. தசை மாறவில்லை, தாளம்தான் மாறியது. இதைக் கண்டபின், ஓய்வைத் துடிப்பால் எண்ணாமல் செக்கனால் எண்ணும் திருத்தங்கள் வந்தன. 2010இல் ஒக்ஸ்போட்டில் 9 துடிப்புகளில் முடியும் சுருக்கமுறையும் வந்தது. எதை இருதயத்தின் தாளத்தால் அளப்பது, எதைக் கடிகாரத்தால் அளப்பது என்று பிரித்தறிவதே இத்துறையின் பாதி வித்தை என்று தோன்றுகிறது.

காந்தமும் தன் பங்குக்கு ஒரு குறும்பு செய்கிறது. குருதி மின்னைக் கடத்தும் திரவம். பெருநாடியில் அது விரைந்து பாயும்போது, வலிய காந்தப் புலத்தில் ஒரு மின்னழுத்தம் பிறக்கிறது. அது ஈ.சி.ஜி. கோட்டில் பிந்தி வரும் சிறிய மேட்டைப் பெரிதாக்கிவிட, இயந்திரம் அதையே புதிய துடிப்பின் முனையென மயங்குவதுண்டு. முனையின் உயரத்தை மட்டும் பாராது, மின்னோட்டத்தின் திசையையும் பார்த்து உண்மை முனையைப் பிரித்தறியும் முறை 1999இல் வெளிவந்தது. அதுவும் கைகொடாதபோது விரலில் மாட்டிய கருவியால் நாடித்துடிப்பைப் பிடிப்பர். பரிகாரியார் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பதன் புதிய வடிவம் என்று இதைக் கூறலாம். ஆனால் இருதயம் சுருங்கியதன் செய்தி விரல்நுனிக்கு வந்துசேர ஏறத்தாழ கால் செக்கன் செல்லும். அந்தத் தாமதத்தைக் கழித்தே கணக்கிட வேண்டும்.

மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நோயுள்ளோரில் இரண்டு துடிப்பிடைகள் ஒத்திருப்பதே அரிது. அவர்களிடத்து மேற்கூறிய பங்கீட்டு முறை தடுமாறும். துடிப்புகளை ஒன்றுசேர்க்காமல், ஒவ்வொரு கணத்தையும் அதே கணத்திற் படமாக்கும் முறை அவர்களுக்கு உதவுகிறது. ஜெர்மனியின் கொட்டிங்கன் நகரில் யென்ஸ் ஃப்ராம் என்பவரின் குழுவினர் 2010இல் ஒரு படத்தை 20 மில்லிசெக்கனில் எடுத்துக் காட்டினர். மிகக் குறைந்த வரிகளிலிருந்து முழுப் படத்தைக் கணிதத்தால் மீட்டெடுப்பது அம்முறை. மூச்சையும் பிடிக்க வேண்டுவதில்லை. எனினும் வழக்கமான முறையின் தெளிவு இதில் எப்பொழுதும் கிட்டுவதில்லை. இதற்கான கணினி வசதி எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை.

ஆகவே நம் கமக்காரர் பெரும்பாலும் பழைய வழியிலேயே, மூச்சைப் பிடித்துத்தான் படத்துக்குக் கிடக்க வேண்டியிருக்கும். அவரை ஒருமுறை நேரிற் பார்ப்போம். இரவெல்லாம் புகையிரதத்தில் இருந்து வந்தவர். ஒடுங்கிய குழாய்க்குள் கிடத்தப்பட்டிருக்கிறார். சுத்தியலால் அடிப்பதுபோன்ற பேரொலி. காதுகளை மூடிய கருவியினூடே ஒரு குரல் கட்டளையிடுகிறது. அக்கட்டளை அவருக்கு விளங்காத மொழியில் வந்தால் என்ன ஆகும்? மூச்சை இழுக்கச் சொன்னபோது விடுவார், விடச் சொன்னபோது திகைப்பார், நெஞ்சு படபடக்கும். ஏழு, எட்டுத் துடிப்புகள் ஏறிவிடும். பல இலட்சம் செலவிட்டு வகுத்த கணித முறை திருத்த முயல்வதும் இதே ஏழு, எட்டுத் துடிப்புகளைத்தான். படம்பிடிப்பதற்கு முன்பே, இயந்திர அறைக்கு வெளியே ஒரு கதிரையில் இருத்தி, “ஐயா, மூச்சை உள்ளே எடுங்கள், இனி மெல்ல விடுங்கள், அப்படியே பிடித்திருங்கள்” என்று தமிழிற் சொல்லி மும்முறை பழக்கினால், அதற்குச் செலவு ஐந்து நிமிடமே. இதைச் செய்யும் தொழினுட்பவியலாளர் பலர் உண்டு. செய்யாதவரும் உண்டு, அவர்களை அவசரம் விடுவதில்லை.

இப்பரிசோதனைக்குச் செல்ல நேரும் நேயர்கள் வேறு சிலவற்றையும் கவனிக்கலாம். நெஞ்சிலே துடிப்புக் கருவியோ, உடலில் வேறு உலோகமோ இருந்தால் அதை முன்னரே கட்டாயம் கூறுதல் வேண்டும். துடிப்பு ஒழுங்கற்றது என்று எப்பொழுதேனும் வைத்தியர் சொல்லியிருந்தால் அதையும் மறைக்கலாகாது. அதற்கேற்ற முறையைத் தெரிந்தெடுக்க அது உதவும். வேகத்தைத் தணிக்கும் மாத்திரையை வைத்தியர் கொடுத்தால் அது அந்த அசைவற்ற சாளரத்தைச் சற்று அகலத் திறப்பதற்காகவே. தேநீர், கோப்பி முதலியவற்றை எத்தனை மணிக்கு முன் நிறுத்த வேண்டுமென்று கேட்டறிந்துகொள்க. மூச்சைப் பிடித்திருக்க இயலாவிடின் இயலாதென்று சொல்வதில் வெட்கமில்லை. வேறு வழி உண்டு.

கமக்காரர் மூன்றாம் முறை மூச்சைச் சரியாகப் பிடித்துக் காட்டிவிட்டார். இப்பொழுது உள்ளே கிடக்கிறார். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் தொழினுட்பவியலாளர் விசையை உடனே அழுத்தவில்லை. திரையில் ஓடும் கோட்டைப் பார்க்கிறார். 780, 720, 810. இன்னும் படபடப்பு அடங்கவில்லை. தமிழில் இரண்டு வார்த்தை பேசுகிறார். ஒரு நிமிடம் கழிகிறது. 840, 850, 835. மூச்சை விட்டுப் பிடிக்கச் சொல்லி விசையை அழுத்துகிறார்.